கல்யாணப் பெண் மட்டும் கலரில்: போட்டோ எஃபெக்ட்டுகள் ஏன் வருகின்றன, ஏன் போகின்றன?

"பத்து வருஷத்துக்கு முன்னால் ஃபில்டர் போட்டு ஏற்றிய என் படங்களை இப்போது பார்க்கவே கூசுகிறது. அன்றைக்கு மட்டும் அவ்வளவு அழகாகத் தெரிந்தது எப்படி? இதுவும் துணிமணி ஃபேஷன் மாதிரி வந்து வந்து போகிற விஷயம்தானா?" என்பது கேள்வி.

ஆமாம், துணிமணி மாதிரியேதான். ஆனால் துணிக்கு இல்லாத ஒரு காரணம் போட்டோவுக்கு உண்டு, அது கேமரா. கேமராவுக்கு எது வராதோ அதை மூடி மறைக்க ஒரு எஃபெக்ட் பிறக்கும். அப்புறம் கேமரா தேறிவிடும், எஃபெக்ட்டுக்கு வேலை இல்லாமல் போகும். இருபது வருஷம் கழித்து, கேமரா கஷ்டப்பட்டுத் திருத்திக்கொண்ட அதே குறையை ஜனங்கள் தேடிப் பிடித்து எஃபெக்ட் என்று போட்டுக்கொள்வார்கள். நடுவில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது: ஒரு எஃபெக்ட்டைச் செய்ய ஆள் தேட வேண்டியிருக்கும் வரைதான் அதற்கு மவுசு, எல்லார் விரலுக்கும் அது வந்துவிட்ட நாளில் இருந்து இறங்குமுகம். நான் பதினாறு வருஷமாகக் கல்யாண ஆல்பம் டிசைனும் கலர் கரெக்‌ஷனும் செய்கிறேன். இந்த இரண்டையும் என் மேஜை மேலேயே நடக்கப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

போன மாதம் ஒரு கணவன் மனைவி தங்கள் கல்யாண ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2011-ல் நடந்த கல்யாணம், வேறு ஊரில் ஒரு ஸ்டுடியோ செய்த கரிஷ்மா ஆல்பம் (பக்கத்திலேயே படம் அச்சாகி வரும் வகை), பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல சைஸ். முகூர்த்தப் படம் இரண்டு பக்கத்துக்கும் விரிந்து கிடக்கிறது. அதில் பெண்ணின் அரக்குக் கூரைப்புடவை மட்டும் கலரில் இருக்கிறது. மாப்பிள்ளை, ஐயர், அக்கினி, மேடைக்குப் பின்னால் நெருக்கியடித்து நிற்கிற சொந்தக்காரர்கள், தூணில் கட்டின வாழைமரம் எல்லாமே கறுப்பு வெள்ளை. அந்தம்மா கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, இதை முழுசா கலராக்கித் தர முடியுமா?"

அந்தப் படத்தைச் செய்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். 2011-ல் அதுதான் ஆல்பத்தின் மகுடம். எப்படிச் செய்வோம் தெரியுமா? படத்தை போட்டோஷாப்பில் திறந்து இன்னொரு லேயராகப் பிரதி எடுத்து, மேலே இருப்பதைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒரு மாஸ்க் போட்டு, புடவை இருக்கிற இடத்தை மட்டும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கீழே இருக்கிற கலரை வெளியே கொண்டுவர வேண்டும். புடவையின் பரந்த இடம் இரண்டு நிமிஷம். கஷ்டம் எல்லாம் ஓரத்தில்தான். மாலையில் இருந்து பிரிந்து தொங்குகிற சரிகை நூல், வளையலுக்கு நடுவில் தெரிகிற துணி, மாப்பிள்ளையின் விரல் பட்டு மடிந்த முந்தானை என்று ஒவ்வொன்றையும் இருநூறு சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சுற்றி வர அரை மணி, முக்கால் மணி ஆகும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்வீட்டார், சாம்பல் நிறத்தில் இருந்து சிவப்பு மெல்ல மெல்ல மேலே வருவதைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். அந்த உழைப்புக்கு மரியாதை இருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? அதே வேலையை விரலால் தேய்த்துச் செய்ய ஐபோனில் கலர் ஸ்ப்ளாஷ் என்ற ஆப் வந்தது, சில சின்ன டிஜிட்டல் கேமராக்களில் ஒரு நிறத்தை மட்டும் விட்டு மற்றதை உறிஞ்சிவிடும் வசதி ஏற்கனவே இருந்தது, கொஞ்ச நாளில் ஆண்ட்ராய்டு போனிலும் வந்துவிட்டது. ரோஜா மட்டும் சிவப்பு, குடை மட்டும் மஞ்சள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் போட ஆரம்பித்தார்கள். 2014 வாக்கில் என்னிடம் வருகிறவர்கள் "அது மட்டும் வேண்டாம்ணா, பழைய ஆல்பம் மாதிரி இருக்கும்" என்றார்கள். எஃபெக்ட்டில் ஒரு மாற்றமும் இல்லை, செய்த கை மட்டும்தான் மாறியிருந்தது.

ஜெர்மன் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் 1904-லேயே உடையை வைத்து இதை எழுதிவிட்டார். மேலே இருக்கிறவர்கள் தனியாகத் தெரிய ஒன்றை உடுத்துவார்கள், கீழே இருக்கிறவர்கள் அதைப் பார்த்து உடுத்துவார்கள், எல்லாரிடமும் அது வந்ததும் மேலே இருப்பவர்கள் அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். தனித்துத் தெரிய ஆசை, கூட்டத்தோடு சேரவும் ஆசை, இந்த இரண்டு ஆசையும் ஒரே ஆளுக்குள் இருப்பதால்தான் ஃபேஷன் நிற்காமல் சுற்றுகிறது என்பது அவர் வாதம். போட்டோவில் மேல், கீழ் என்பது பணத்தைவிட வேலை தெரிந்ததையும் தெரியாததையும் வைத்து வருகிறது, மற்றபடி அதே சுற்றுதான்.

கூச்சத்துக்கு வருவோம். ஜேம்ஸ் லேவர் என்ற ஆங்கிலேய உடை வரலாற்றாசிரியர் 1937-ல் ஒரு பட்டியல் போட்டார். ஒரு உடை வழக்கில் இருந்து போய் ஒரு வருஷத்தில் மங்கலாகத் தெரியும், பத்து வருஷத்தில் அசிங்கமாக, இருபதில் கேலிக்குரியதாக, முப்பதில் வேடிக்கையாக, எழுபதில் வசீகரமாக, நூற்றைம்பதில் அழகாகவே தெரியும் என்று. நீங்கள் சொன்ன பத்து வருஷம் சரியாக அந்த அசிங்கக் கட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, படமும் அதே படம்தான்.

இனி கேமரா பக்கம். இதற்கு இன்ஸ்டாகிராமை விட நல்ல உதாரணம் கிடையாது.

இன்ஸ்டாகிராமைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கெவின் சிஸ்ட்ரம் கல்லூரிக் காலத்தில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்கு போட்டோகிராஃபி படிக்கப் போனபோது, அங்கே ஆசிரியர் அவருடைய நல்ல கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு ஹோல்கா என்ற மலிவான பிளாஸ்டிக் கேமராவைக் கையில் கொடுத்தார். ஓரம் இருட்டும், நடு மட்டும் கொஞ்சம் தெளியும், படம் சதுரமாக வரும். அது மனதில் பதிந்துவிட்டது. 2010 கோடையில் அவரும் கூட்டாளி மைக் க்ரீகரும் அந்த போட்டோ ஆப்பை எழுதிக்கொண்டிருந்த சமயம், சிஸ்ட்ரம் மெக்சிகோவில் தோதோஸ் சான்தோஸ் என்ற கடற்கரை ஊருக்குத் தோழியோடு போயிருக்கிறார். அந்தப் பெண் (பிறகு அவரைத்தான் மணந்தார்) "என் போன் படங்கள் உன் நண்பன் படங்கள் மாதிரி நன்றாக வருவதில்லை, அதனால் நான் இந்த ஆப்பைப் பயன்படுத்துவேனா தெரியாது" என்ற அர்த்தத்தில் சொல்ல, அந்த நண்பர் ஃபில்டர் போட்டுத்தான் ஏற்றுகிறார் என்று இவர் விளக்க, அப்படியானால் உன் ஆப்பிலும் ஃபில்டர் வைக்க வேண்டியதுதானே என்று அவர் கேட்டிருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து எழுதியதுதான் எக்ஸ்-ப்ரோ 2 என்ற ஃபில்டர். ஜூலை 16 அன்று ஒரு தெருநாயின் படம் அந்த ஆப்பில் ஏறியது, ஓரத்தில் அந்தப் பெண்ணின் செருப்புக்கால் தெரியும். அக்டோபர் 6 அன்று ஆப் வெளியே வந்தது.

எக்ஸ்-ப்ரோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் மிச்சம் புரியும். ஃபிலிம் காலத்தில் ஸ்லைடு ஃபிலிமை இ-6 என்ற ரசாயன முறையில் கழுவ வேண்டும், சாதாரண கலர் நெகட்டிவை சி-41 முறையில். ஸ்லைடு ஃபிலிமைக் கொண்டுபோய் சி-41 ரசாயனத்தில் போட்டால் நிறம் கோணிக்கொள்ளும்: நிழல் பக்கம் நீலமும் பச்சையும் ஏறும், வெளிச்சப் பக்கம் மஞ்சள் பாயும், கான்ட்ராஸ்ட் எகிறும். லேபில் இப்படி நடந்தால் அது தவறு. சிலர் அதையே வேண்டுமென்று செய்தார்கள், அதற்குப் பெயர் க்ராஸ் ப்ராசஸிங், சுருக்கமாக எக்ஸ்-ப்ரோ. ஆக ஒரு லேபின் தப்புதான், முப்பது நாற்பது வருஷம் கழித்துக் கோடிக்கணக்கான பேர் தட்டுகிற பொத்தானாக வந்து உட்கார்ந்தது.

அந்தத் தப்பு அப்போது ஏன் தேவைப்பட்டது? அன்றைய போன் கேமரா அப்படி. ஐபோன் 3ஜிஎஸ்-ல் மூன்று மெகாபிக்சல்தான். அறைக்குள் எடுத்தால் முகம் மஞ்சள் பூத்துப்போகும், நிழலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், ஜன்னல் வெளிச்சம் வெறும் வெள்ளைத் திட்டாக வெந்துபோகும். எக்ஸ்-ப்ரோ 2, நாஷ்வில், கெல்வின் மாதிரி ஒரு ஃபில்டர் போட்டால் இந்தக் குறை எல்லாம் பழைய படத்தின் குணம் மாதிரி மாறிவிடும். ஓரத்தை இருட்டாக்கினால் லென்ஸின் பலவீனம் மறையும், மஞ்சளை இன்னும் ஏற்றினால் மஞ்சள் பூத்த முகம் வேண்டுமென்றே செய்தது போல ஆகும், படத்தை 612 பிக்சல் சதுரமாகச் சுருக்கினால் இரைச்சல் கண்ணில் படாது. தையற்கடையில் துணி கிழிந்த இடத்தில் பூவேலை செய்து கொடுப்பார்களே, அந்த மாதிரி. 2009 டிசம்பரில் வந்த ஹிப்ஸ்டமேட்டிக் ஆப்பும் இதையேதான் செய்தது, நியூயார்க் டைம்ஸ் போட்டோகிராஃபர் டேமன் வின்டர் அதை வைத்து ஆப்கானிஸ்தானில் எடுத்த ராணுவப் படங்களுக்கு 2011-ல் பரிசு கிடைத்தபோது, ஃபில்டர் போட்ட படம் செய்திப் படமா என்று பெரிய சண்டையே நடந்தது.

பிறகு போன் கேமரா தேறியது. 2014 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் புதிதாக ஐந்து ஃபில்டர் கொடுத்தது, எல்லாமே லேசான தொடுதல், எக்ஸ்-ப்ரோ மாதிரி முகத்தில் அறைகிறது எதுவும் இல்லை. 2015 ஆகஸ்டில் சதுரக் கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். "ஃபில்டர் போடாதது" என்று ஹேஷ்டேக் போட்டுப் பெருமைப்படுகிற வழக்கம் ஏற்கனவே வேர்விட்டிருந்தது. கிழிசலே இல்லாத துணியில் பூவேலை எதற்கு?

நம் பக்கத்தில் அதே காலத்தில் ரெட்ரிகா என்ற செல்ஃபி ஆப் ஓடியது, ஞாபகம் இருக்கும். மூலையில் அந்தப் பெயர் அச்சாகி நிற்கும், அதை அழிக்காமல் விடுவதே ஒரு பெருமை. பிக்ஸ்ஆர்ட் ஆப்பில் பின்னணியை வெட்டி பைக்கும் காடும் ஒட்டி, முகத்தை எண்ணெய் ஓவியம் மாதிரி வழுவழுவென்று இழைத்துப் போடுகிற மோகமும் அப்புறம் வந்தது. அந்தப் பையன்களில் இரண்டு பேர் பின்னால் என்னிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். மாஸ்க் வெட்டுவதில் அவர்கள் கை சுத்தமாக இருந்தது, போனில் விரலால் பழகிய கை அது.

எச்.டி.ஆர். (ஹை டைனமிக் ரேஞ்ச்) கதை வேறு மாதிரி. 2006-ல் இருந்து நாலைந்து வருஷம், படம் பகிர்கிற ஃப்ளிக்கர் தளம் முழுக்க அதுதான். ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று எடுத்து ஃபோட்டோமேட்டிக்ஸ் என்ற மென்பொருளில் கலப்பார்கள். வெயிலில் எடுத்த கோபுரத்தில் வானமும் சிற்பமும் இரண்டுமே தெரியும் என்பதுதான் அதன் நல்ல குணம். ஆனால் குமிழை முழுக்கத் திருப்பிவிடுவார்கள். கோபுரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஒளிவட்டம், பட்டப்பகலில் புயல் மேகம், கருங்கல் எல்லாம் துருப்பிடித்த இரும்பு மாதிரி. அது அழிந்துபோனது என்று எல்லாரும் நினைக்கிறார்கள், இல்லை. 2010 செப்டம்பரில் ஐபோனின் உள்ளேயே எச்.டி.ஆர். வந்தது, இன்றைக்கு உங்கள் போனில் ஒரு தடவை அழுத்தினால் பல ஃப்ரேம் எடுத்து அதுவே கலந்து கொடுக்கிறது. உங்களைக் கேட்காமலே ஒவ்வொரு படத்திலும் அது இருக்கிறது. சில எஃபெக்ட் மறைவது இப்படித்தான், கேமராவுக்குள் குடிபோய்விடும்.

இதுவரை சொன்னதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. நான் வருத்தப்படுகிற இடம் அடுத்தது.

2013 தொட்டு விஸ்கோ என்ற ஆப்பின் வழியாகவும் லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளின் ப்ரீசெட் (ஒரே தட்டில் படத்தில் போடத் தயாராக வைத்த நிறக்கலவை) வழியாகவும் மங்கல் மோகம் வந்தது. செய்வது எளிது. டோன் கர்வ் என்று ஒரு கோடு இருக்கும், அதன் இடது கீழ்மூலைப் புள்ளிதான் படத்தின் முழுக்கறுப்பு. அந்தப் புள்ளியைப் பிடித்து நேராகக் கொஞ்சம் மேலே இழுத்தால் படத்தில் கறுப்பு என்பதே இருக்காது, எல்லாம் சாம்பலில் இருந்துதான் தொடங்கும். பழைய பிரிண்ட் வெயிலில் வெளுத்த மாதிரி ஒரு அமைதி வரும். பனிமூட்ட வெளிச்சத்தில் வெளிர்நிறச் சட்டை போட்டு நிற்கிறவருக்கு அது பொருந்தும். நம் கல்யாணத்தில் கொண்டுவந்து போட்டால்? எண்ணெய் வைத்துப் பின்னின கருகரு கூந்தல் சாம்பல் பூசியது போல ஆகும். பட்டுக்கு உயிரே ஆழமான நிழல்தான், மடிப்பின் இருட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் ஜரிகை மின்னுகிறது, இருட்டை எடுத்துவிட்டால் ஜரிகை வெறும் பழுப்புக் கோடு.

அதற்கு அடுத்து 2017, 2018 வாக்கில் கேண்டிட் (போஸ் கொடுக்க வைக்காமல் எடுக்கிற) போட்டோகிராஃபர்கள் மத்தியில் ஆரஞ்சும் நீலப்பச்சையும் கலந்த ப்ரீசெட் பரவியது. சினிமாவில் இருந்து வந்த பாணி. மனிதத் தோல் எந்த நிறமானாலும் ஆரஞ்சுப் பக்கத்தில்தான் விழும், அதற்கு எதிர்நிறம் நீலப்பச்சை, எனவே பின்னணியை அந்தப் பக்கம் தள்ளினால் முகம் எடுப்பாகத் தெரியும். தர்க்கம் சரிதான். ஆனால் அந்த ப்ரீசெட் பச்சையைக் கொன்றுவிட்டுத்தான் வேலை செய்யும். மஞ்சளை ஆரஞ்சுக்கு நகர்த்தும், பச்சையின் செறிவைப் பிழிந்து எடுக்கும். நானும் மூன்று வருஷம் அதைப் போட்டேன். ஒரு நாள் ஆல்பம் வாங்க வந்த ஒரு பெண்ணின் அம்மா பந்தி படத்தைப் பார்த்துவிட்டு, "இலை ஏன் தம்பி காஞ்சுபோயிருக்கு? நாங்க அன்னைக்குக் காலையில அறுத்த இலை" என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பி, மாங்கல்யதாரணப் படத்தில் விரலை வைத்து, "கயிறு மஞ்சளாத்தானே இருந்துச்சு" என்றார். கயிறு ஆரஞ்சாக இருந்தது. அவர் சண்டை போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார், எனக்குத்தான் பதில் இல்லை. அன்றைக்கு இரவு உட்கார்ந்து என் ப்ரீசெட்டில் மஞ்சளையும் பச்சையையும் தனியாகப் பிரித்து இருந்த இடத்துக்கே கொண்டுவந்து வைத்தேன். இன்று வரை அதில் கை வைப்பதில்லை. வேறு தேசத்து வெளிச்சத்துக்கும் வேறு தேசத்துத் துணிக்கும் ஆன கலவையை அப்படியே எடுத்துப் போட்டால் முதலில் அடிபடுவது மஞ்சளும் வாழையிலையும்தான்.

தோல் நிறம் இன்னும் வலிக்கிற விஷயம். மற்ற எஃபெக்ட் எல்லாம் ஏறி இறங்கும், இது மட்டும் இறங்கியே நான் பார்த்ததில்லை, வேஷம் மாற்றிக்கொண்டே வருகிறது. ஃபிலிம் காலத்திலேயே கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய ஷெர்லி கார்டில் வெள்ளைக்காரப் பெண் படம்தான் இருக்கும், அந்த முகத்துக்குச் சரியாக வந்தால் மெஷின் சரியாக இருக்கிறது என்று கணக்கு. பிறகு ஸ்டுடியோவில் டச்சிங், பிறகு போனிலேயே ப்யூட்டி மோட், பிறகு ஸ்னாப்சாட்டில் நாய்க்காது வைக்கிற லென்ஸ் கூடச் சொல்லாமல் கொள்ளாமல் தோலை இழைத்து ஒரு படி வெளுப்பாக்கிக் காட்டியது. 2019 அக்டோபரில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்த மாதிரி முகத்தை மாற்றும் எஃபெக்ட்டுகளை எடுத்துவிடுவதாக இன்ஸ்டாகிராம் தரப்பு அறிவித்தது. 2023 பிப்ரவரியில் டிக்டாக்கில் வந்த போல்டு கிளாமர் ஃபில்டர், கையை முகத்துக்குக் குறுக்கே ஆட்டினாலும் கலையாமல் ஒட்டி நின்றது. 2025 ஜனவரி 14 அன்று இன்ஸ்டாகிராமின் தாய்க்கம்பெனி மெட்டா, எஃபெக்ட் செய்வதற்கான தன் ஸ்பார்க் தளத்தை மூடியபோது, வெளியாட்கள் அதில் செய்து வைத்திருந்த எஃபெக்ட் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போயின. யாருக்கும் சலித்துப்போய் அவை போகவில்லை, கம்பெனி கதவைச் சாத்தியது, அவ்வளவுதான்.

என் கடையில் இன்றைக்கும் "பொண்ணு மாநிறம், கொஞ்சம் கலர் ஏத்திக் குடுங்க" என்று கேட்காத வாரம் கிடையாது. பெரும்பாலும் பெண் அதைக் கேட்பதில்லை, கூட வருகிறவர்கள் கேட்பார்கள். நான் ஏற்றாத படம் ஒன்றையும் ஏற்றிய படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏற்றியதில் கழுத்து நகையின் தங்கம் வெளிறிப்போயிருப்பதையும் கைக்கும் முகத்துக்கும் நிறம் ஒட்டாமல் இருப்பதையும் காட்டுவேன். பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு ஏற்றித்தான் கொடுக்கிறேன், அது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, இப்போதைய வேகத்துக்கு வருவோம். கல்யாணப் பெண் மட்டும் கலரில் என்பது எனக்குத் தெரிந்து ஏழெட்டு வருஷம் ஓடியது. 2016 ஜூனில் வந்த ப்ரிஸ்மா, படத்தை ஓவியமாக்கித் தந்தது, அந்த வருஷம் முடிவதற்குள் ஓய்ந்துவிட்டது. ஃபேஸ்ஆப்பில் எல்லாரும் கிழவர்களானது 2019 ஜூலை, சில வாரம். லென்சா ஆப் ஏ.ஐ.யால் வரைந்து தந்த மாய அவதாரங்கள் 2022 கடைசியில் சில வாரம். 2025 மார்ச் 25 அன்று சாட்ஜிபிடியில் புதிய படம் வரையும் வசதி வந்ததும் உலகமே ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ பாணி கார்ட்டூனாக மாறியது, தங்கள் மெஷின்கள் உருகுகின்றன என்று அந்தக் கம்பெனியின் தலைவர் சாம் ஆல்ட்மேனே சொல்ல வேண்டியிருந்தது, மே மாதம் அதைப் போட்டவர் காலம் தவறியவராகத் தெரிந்தார். ஆகஸ்ட் கடைசியில் படத்தை மாற்றித் தரும் கூகுளின் ஏ.ஐ. நானோ பனானா வந்தது, செப்டம்பரில் இந்தியா முழுக்கப் பெண்கள் ஷிஃபான் புடவையில் பொன்வெயிலில் நின்றார்கள்.

அந்தப் புடவைப் படங்களை நான் ஆசையாகவே பார்த்தேன். என் அண்ணி போட்டிருந்தார், எங்கள் தெருவில் ஐந்தாறு பேர் போட்டிருந்தார்கள். வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒரே திசையில் பறக்கிற முந்தானை, காதோரம் ஒரே இடத்தில் பூ, சுவரில் ஒரே நிழல், எல்லார் கழுத்தும் ஒரே அளவு சாய்வு. ஒருவர் எழுதிய கட்டளையை வாட்ஸ்அப்பில் எல்லாரும் வாங்கி ஒட்டியதால் வந்தது அது. புடவையும் எங்கள் வீடுகளில் கட்டுகிற புடவை இல்லை, பழைய இந்திப் பாட்டுகளில் காற்றில் பறக்கிற ஷிஃபான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் சலிக்கிறது என்றால், முன்னால் ஒரு எஃபெக்ட் ஸ்டுடியோவில் இருந்து கடைக்கு, கடையில் இருந்து போனுக்கு, பட்டணத்தில் இருந்து கிராமத்துக்கு என்று நடந்து வந்தது, ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவருக்கு அது புதிதாக இருந்தது. இப்போது முதல் நாளே எல்லார் கையிலும் இருக்கிறது. சிம்மல் சொன்ன மேல்படியே இல்லை. முதலில் போட்டவருக்கும் கடைசியில் போட்டவருக்கும் நடுவில் பத்து நாள்தான், தனித்துத் தெரிகிற சந்தோஷம் காலையில் தொடங்கிச் சாயங்காலம் முடிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, தளங்களும் ஓடுகிற ஒன்றையே எடுத்து எடுத்து நம் முன்னால் தள்ளுகின்றன. துணிக்கடையில் ஒரு டிசைனை ஒரு சீசன் முழுக்கப் பார்த்துச் சலிக்கிற அளவை, போனில் ஒரு ராத்திரியில் பார்த்துவிடுகிறோம்.

இதற்கு நேர் எதிராக, திரும்பி வருகிறவை நின்று நிதானமாக வருகின்றன. 2017-ல் கொரியாவில் குடாக் என்று ஒரு ஆப், ஒரு ரோலுக்கு 24 படம்தான், எடுத்தால் மூன்று நாள் கழித்துத்தான் பார்க்க முடியும். ஹூஜி என்ற ஆப் படத்தின் மூலையில் 98 என்று ஆரஞ்சுத் தேதி அடித்தது. அந்தத் தேதி, ஃபிலிம் கேமராவின் பின்கதவில் இருந்த குட்டி விளக்குகள் ஃபிலிமிலேயே சுட்ட எழுத்து. அந்தக் காலத்தில் தேதியை நிறுத்தத் தெரியாமல் படமெல்லாம் பாழாகிவிட்டது என்று அழுதவர்கள் உண்டு.

2022-ல் இருந்து பிள்ளைகள் ஆப்பையும் விட்டுவிட்டுப் பழைய டிஜிட்டல் கேமராவையே தேடுகிறார்கள். ஒரு கல்லூரிப் பெண் தன் அப்பா 2006-ல் வாங்கிய கேமராவோடு வந்தாள். அதில் இருப்பது எக்ஸ்டி என்ற பழைய மெமரி கார்டு, அதைப் படிக்கிற ரீடர் யாரிடமும் இல்லை, என் மேஜை இழுப்பறையில் ஒன்று கிடந்தது. படங்களைத் திறந்தால் நேர் ஃப்ளாஷ்: முகம் பளீரென்று வெளுத்து, நெற்றி மினுங்கி, தூரத்தில் இருக்கிற சுவர் இருட்டில் மூழ்கி, பக்கத்துச் சுவரில் கூர்மையான நிழல். நான் தொழில் கற்றபோது இப்படி ஒரு படம் எடுத்தால் குருநாதர் கேமராவைக் கையில் இருந்து வாங்கிவிடுவார். அவள் அதைப் பார்த்து "இதுதாண்ணா வேணும், போன்ல எடுத்தா எல்லாமே தெரியுது" என்றாள். எல்லாமே தெரிகிறது என்பது குறையாகிவிட்டது. பன்னிரண்டு வருஷம் போன் கம்பெனிகள் இருட்டில் வெளிச்சம் கொண்டுவரப் பாடுபட்டார்கள், இருட்டு அபூர்வமானதும் அதற்கு விலை வந்துவிட்டது. இப்போது வரவேற்புக்கு நேர் ஃப்ளாஷில் பத்துப் படம் எடுங்கள் என்று மணமக்களே கேட்கிறார்கள், எடுக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

எது திரும்பும், எது திரும்பாது என்று கேட்டால், என் கணிப்பு இது: ஒரு மெஷினின் சுபாவத்தில் இருந்து வந்த குறை திரும்பும். ஃபிலிமின் துகள், நேர் ஃப்ளாஷ், தேதி, வீடியோ கேசட்டின் கோடு எல்லாம் அப்படி. அவற்றோடு அந்தக் காலத்து வீடும் ஆட்களும் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். மென்பொருளில் வித்தை காட்டச் செய்தது திரும்ப நாளாகும். எச்.டி.ஆர். ஒளிவட்டத்துக்கு ஏங்குகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் லேவர் பட்டியலில் முப்பதாவது வருஷம் என்று ஒன்று இருக்கிறதே, அடித்துச் சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் பழைய படங்களை அழிக்காதீர்கள். ஃபில்டர் போடாத மூலப் படம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பழைய இன்ஸ்டாகிராம், போனின் கேலரியிலும் ஒரு பிரதி சேமித்து வைக்கும், அந்தக் கால போனோ பேக்கப்போ கிடைத்தால் ஒளிந்திருக்கலாம். கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஆல்பத்தோடு கை வைக்காத படங்களையும் ஸ்டுடியோவில் கேட்டு வாங்கி இரண்டு ஹார்டு டிஸ்க்கில் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்குவார்கள், முதலிலேயே பேசிக்கொண்டால் கொடுப்பார்கள்.

அந்தத் தம்பதி விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பத்தை ஸ்கேன் செய்து கலராக்க முடியாதா என்றால், இன்றைக்கு ஏ.ஐ. நொடியில் நிறம் பூசிவிடும், ஆனால் அது ஊகம்தான், இருந்த நிறம் ஆகாது. அந்த ஸ்டுடியோவில் மூலப் படங்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் டிவிடி ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன். பத்து நாள் கழித்து வந்தார்கள், அந்தம்மாவின் தாய்வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இரண்டு டிவிடி இருந்ததாம். ஒன்றில் கீறல். மெதுவாகப் படிக்கவிட்டு மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் மீட்டேன், முகூர்த்தப் படம் அதில் வந்துவிட்டது.

திரையில் திறந்ததும் அவர் தன் புடவையைப் பார்க்கவில்லை, கணவரையும் பார்க்கவில்லை. படத்தின் வலது ஓரத்தை நெருக்கிக் காட்டச் சொன்னார். தூணுக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஒரு வயதான அம்மா, ஆல்பத்தில் சாம்பலாக இருந்தவர், அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறார். அவருடைய பாட்டி, அடுத்த வருஷமே போய்விட்டாராம். கல்யாணத்துக்கென்று பாட்டி எடுத்த புடவை என்ன நிறம் என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம், சித்தி பச்சை என்பாராம், அம்மா நீலம் என்பாராம்.

கத்தரிப்பூ நிறம். பார்டர் பச்சை.